தேய்ந்தாலும் அழியாத ரேகை

இடுக்கி மாவட்டத்தின் ஆனைக்கரை, வண்டன்மேடு, குமுளி வட்டாரங்கள் ஏலக்காய்க்குப் பெயர் பெற்றவை. அங்குள்ள தோட்டங்களில் உழைப்பவர்களுள் தமிழர் மிகுதி. மலையடிவாரத்துக் கம்பம், போடி பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏறி வந்து திரும்புவோரும் உண்டு. அவ்வட்டாரத்திற்குப் பணி நிமித்தம் சென்றிருந்தபோது, வங்கி முகவர் ஒருவரின் சிறிய கடையில் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

எழுபதை நெருங்கிய அம்மையார் ஒருவர் தம் கணக்கிலுள்ள ஓய்வூதியப் பணத்தை எடுக்க வந்திருந்தார். பெருவிரல், சுட்டுவிரல் என மாற்றி மாற்றி வைத்தும் கருவி ஏற்கவில்லை. முந்தைய நாளும் இவ்வாறே திரும்பியிருக்கிறார். பணமும் கைக்கு வரவில்லை. இரண்டு நாள் கூலியும் போயிற்று. தம் உள்ளங்கையை நம் முன் நீட்டி, "நாப்பது வருஷமா காய் எடுத்த கை சார் இது. இது என் கை இல்லேன்னு மெஷின் சொல்லுதே?" என்றார்.

அவருக்கு நாம் அளித்த விடையை, வாசகர்களுக்கும் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். அந்த விடை தோலின் அமைப்பிலிருந்தே தொடங்குகிறது.

ரேகையின் வேர் எங்கே?

நம் உடலை மூடியிருக்கும் தோல், வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்புடையது. நீரிழப்பைத் தடுப்பது, கிருமிகளை விலக்குவது, வியர்வையால் வெப்பத்தைச் சீராக்குவது, தொடுவுணர்வைத் தருவது, வெயிலின் துணையால் வைட்டமின் டி உண்டாக்குவது ஆகியன அதன் பணிகள்.

தோலில் இரண்டு முதன்மை அடுக்குகள் உள்ளன. வெளியே இருப்பது மேல்தோல்; அதன் கீழே இரத்தக் குழாய்களும் நரம்பு நுனிகளும் வியர்வைச் சுரப்பிகளும் அடங்கிய உள்தோல். மேல்தோலின் அடிவரிசையில் புதிய செல்கள் இடையறாது பிறக்கின்றன. அவை மேல்நோக்கி நகர்ந்து, கெராட்டின் என்னும் கடினப் புரதம் நிரம்பி, இறந்து, இறுதியில் செதில்களாக உதிர்கின்றன. இப்பயணம் முடிய ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். முதுமையில் மேலும் சில வாரங்கள் கூடும்.

மேல்தோலும் உள்தோலும் சேரும் இடம் சமதளமன்று. அங்கு நுண்ணிய மேடுகளும் பள்ளங்களும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. விரல் நுனியில் நாம் காணும் கோடுகள் இந்த உள்ளமைப்பின் வெளித்தோற்றமே. கரு தாயின் வயிற்றில் இருக்கும்போதே, ஏறத்தாழ பத்தாவது வாரத்தில் உருவாகத் தொடங்கி, ஆறாம் மாதத்திற்குள் இவ்வமைப்பு நிலைபெற்றுவிடுகிறது. ஆகவே மேற்பரப்பு தேய்ந்தாலும், கீழிருந்து எழும் புதிய செல்கள் அதே வடிவத்தில் வந்து அடுக்குகின்றன. உள்தோல் வரை செல்லும் ஆழமான வெட்டோ தீப்புண்ணோ மட்டுமே ரேகையை நிலையாக மாற்றும்.

இந்த நிலைத்தன்மையை ஆட்சிமுறை அறிந்துகொண்டது நம் நாட்டில்தான். 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ராஜ்யதர் கொனாய் என்ற ஒப்பந்ததாரரிடம் உள்ளங்கைப் பதிவைப் பெற்று ஒப்பந்தத்தை உறுதிசெய்தார். 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் ஆகிய இந்தியர்களின் பங்கு பெரிது.

முடியில்லாத இடத்தின் குறை

முடியும் நகமும் மேல்தோலிலிருந்தே தோன்றுபவை. இரண்டும் கெராட்டினால் ஆனவை. தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரும், கைவிரல் நகம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டரும் வளர்கின்றன. சிறு பொருளை எடுக்கும்போது விரல் நுனிக்குப் பின்னிருந்து தாங்கல் கொடுப்பது நகம். ஓயாத ஈரத்தில் வேலை செய்வோருக்கு நகச்சுற்று வருவதும் அதன் ஓரத்தில்தான்.

முடிக்கால்களோடு எண்ணெய்ச் சுரப்பிகளும் அமைந்திருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முடி இல்லை. ஆகவே அங்கு எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை. வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே மிகுந்து, ரேகைக் கோடுகளின் முகட்டில் திறக்கின்றன. மண், சோப்பு, சிமென்ட், சுண்ணாம்பு ஆகியவற்றில் புழங்கும் கை எளிதில் வறண்டு வெடிப்பது இதனால்தான்.

இவ்வளவும் சேர்ந்ததே அம்மையாரின் சிக்கல். புதிய செல்கள் எழுந்து வரும் வேகத்தைவிட, நாள்தோறும் காய் பறிப்பதால் ஏற்படும் தேய்மானம் மிகுதி. முதுமையில் தோலின் நெகிழ்வு குறைந்து கோடுகளின் உயரமும் தாழ்கிறது. கருவியோ, கண்ணாடியில் நன்கு படியும் மேடுகளையே படம் பிடிக்கிறது. வறண்ட விரல் சரியாகப் படியாதபோது படம் விட்டுவிட்டுத் தெரிகிறது. கொத்தனார், சலவைத் தொழிலாளர், வீட்டுவேலை செய்வோர் ஆகியோரும் இதே இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். புற்றுநோய்க்கான சில மருந்துகளும் உள்ளங்கைத் தோலை உரித்து ரேகையை மங்கச் செய்யலாம்.

வாடிக்கையாளர்கள் செய்யத்தக்கவை

ரேகை வைக்குமுன் கைகளை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். விரல் சற்றே ஈரப்பதத்துடன் இருப்பது நல்லது. நீர் சொட்டக் கூடாது. முந்தைய இரவே தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் வறட்சி குறையும். கருவியில் வைக்கும் நேரத்தில் எண்ணெய்ப் பசை இருத்தலாகாது. கருவியின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள். பெருவிரல் ஏற்கப்படாவிடில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் வைத்துப் பாருங்கள். உழைப்பில் அவற்றின் தேய்மானம் பெரும்பாலும் குறைவு.

பல ஆண்டுகளுக்கு முன் ஆதாரில் பதிந்த ரேகை இன்று பொருந்தாமற் போகலாம். ஆதார் மையத்தில் அதனைப் புதுப்பித்துக்கொள்ள இயலும். ஆதாரில் பத்து விரல்களுடன் இரு கருவிழிகளும் முகமும் பதிவாகின்றன என்பதையும் நினைவிற் கொள்க. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான மின்னணு வாழ்நாள் சான்றிதழை 2021 நவம்பர் முதல் முகப் பதிவின் மூலமே அளிக்க முடிகிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒருமுறை ஏற்கப்படவில்லை எனக் கூறி மீண்டும் விரல் வைக்கச் சொன்னால், முந்தைய முயற்சியில் பணம் கழியவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள். பயன்படுத்தாத காலத்தில் ஆதார் ரேகைப் பதிவைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு.

கருவி மறுத்தாலும் பணம் உங்களுடையதே

விரல் ரேகைக் கருவி ஒரு வழி, ஒரே வழியன்று. கிளைக்கு நேரில் வந்து, புகைப்படம் ஒட்டிய சேமிப்புக் கணக்குப் புத்தகத்தைக் காட்டி, பணம் எடுக்கும் படிவத்தின் வாயிலாகப் பெறலாம்.

நோயாலோ முதுமையாலோ இயலாத வாடிக்கையாளர்களுக்கு இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் மேலும் இடமளிக்கின்றன. கைப்பெருவிரல் ரேகையோ, கால் பெருவிரல் ரேகையோ வைக்கலாம். வங்கி அறிந்த இரண்டு சாட்சிகள் அதனை உறுதிப்படுத்த வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ரேகையும் வைக்க இயலாதவர், கிளைக்கு வரவும் இயலாதவராயின், படிவத்தில் ஓர் அடையாளக் குறி இட்டாலும் அதே முறையில் ஏற்கப்படும். எழுபது வயதைக் கடந்தோருக்கும் உடல் நலிவுற்றோருக்கும் வீட்டிற்கே சென்று அடிப்படை வங்கிச் சேவை அளிக்க வேண்டுமென 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது.

அந்த அம்மையாரை அன்றே கிளைக்கு அழைத்துச் சென்றோம். கணக்குப் புத்தகத்திலிருந்த புகைப்படம் அவருடையதே. அவர் படிவத்தில் பெருவிரல் ரேகை வைத்தார். மை தடவிய காகிதத்தில் கோடுகள் மங்கலாகவேனும் தெரிந்தன. சாட்சியாக நாம் கையொப்பமிட்டோம். பணத்தை இருமுறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, "அப்போ இது என் கைதானே சார்?" என்றார். "உங்கள் கைதான், அம்மா" என்றோம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இதே காரணத்தால் பணம் எடுக்காமல் திரும்பிய முதியவர் எவரேனும் இருப்பின், அவரை அருகிலுள்ள கிளைக்கு அழைத்து வாருங்கள்.