நீரிறைக்கும் இயந்திரத்தில் எரிபொருள் ஒழுக்கு: காரணம் அறிதலும் திருத்துதலும்

யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாயினும், வன்னியின் மிளகாய்ச் செய்கையாயினும், கோடைகால இறைப்புக்குக் கமக்காரரிற் பலர் பெற்றோல் அல்லது மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரத்தையே நம்பியிருக்கின்றனர். துலா மிதித்து இறைத்த காலத்தில் கமக்காரரின் கவலை நீரைப் பற்றியதாக மாத்திரம் இருந்தது. இக்காலத்தில் எரிபொருளைப் பற்றியும் கவலைப்பட வேண்டியுள்ளது. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டில் எரிபொருளுக்காக வரிசையிற் காத்துநின்றதைக் கமக்காரர் எவரும் மறந்திருக்கமாட்டார். அவ்வாறிருந்தும், இயந்திரத்தின் அடியிற் சொட்டிக்கொண்டிருக்கும் எரிபொருளைப் பலர் பொருட்படுத்துவதில்லை.

ஒழுக்கினால் உண்டாகும் தீமைகள்

முதலாவது, பண நட்டம். செக்கனுக்கு ஒரு துளி வீதம் ஒழுகினால் ஒரு மணித்தியாலத்தில் 3600 துளிகள் வீழும். 50 துளிகள் சேர்ந்து ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டாலும், மணித்தியாலத்துக்கு 72 மில்லிலீற்றர் வீணாகின்றது. ஐந்து மணித்தியால இறைப்பில் இது மூன்றிலொரு லீற்றருக்கும் அதிகமாகும்.

இரண்டாவது, தீ. பெற்றோல் ஆவி காற்றிலும் கனமானது. ஆகவே அது பள்ளத்திலே தங்கும். இவ்வகைப் பம்பி ஏறக்குறைய 25 அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சமாட்டாது. இதனால் நீர்மட்டம் தாழும்போது சிலர் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளே இறக்கி வைப்பர். அங்கே ஒழுகும் பெற்றோலின் ஆவி வெளியேற வழியின்றித் தேங்கும். ஒரு தீப்பொறியே பெருவிபத்துக்குப் போதுமானது. அதுமட்டுமன்று, இயந்திரப் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓடும் இயந்திரம் உள்ள கிணற்றினுள் இறங்குதல் உயிருக்கு ஆபத்தாகும்.

மூன்றாவது, குடிநீர் கெடுதல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியிலுள்ள சுண்ணக்கல்லில் வெடிப்புக்களும் துவாரங்களும் மிகுதி. மேலே சிந்தும் எண்ணெய் அவற்றினூடாக நிலத்தடி நீரை அடையக்கூடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்டது. சிறு இயந்திரத்தின் ஒழுக்கு அத்துணைப் பெரிதன்று. எனினும் கிணற்றுக் கட்டில் நின்று ஒழுகும் எண்ணெய் நேரே கிணற்றினுள்ளேயே வீழ்கின்றது.

எரிபொருள் செல்லும் வழி

தாங்கியிலிருந்து எரிபொருள் திறப்புக்குழாய் வழியாகவும், பின்னர் றப்பர்க் குழாய் வழியாகவும் காபரேற்றரை அடைகின்றது. காபரேற்றரின் அடியில் ஒரு சிறு கிண்ணமும், அதனுள் ஒரு மிதவையும் உள்ளன. கிண்ணத்தில் எரிபொருள் உயரும்போது மிதவையும் உயர்ந்து, ஒரு சிறு ஊசியைத் தள்ளி, எரிபொருள் வரும் வழியை அடைக்கும். எரிபொருள் குறைந்தால் மிதவை தாழ்ந்து வழியைத் திறக்கும். ஒழுக்கு இவ்வழியில் எங்கேனும் ஓரிடத்திலேயே உண்டாகும்.

ஒழுக்கைத் தேடும் முறை

சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றல்ல என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மேலே கசியும் எண்ணெய் உலோகத்தின் வழியே ஓடி, ஆகக் கீழான முனையிலேதான் சொட்டும்.

1. இயந்திரத்தை நிறுத்தி, கிணற்றிலிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, நன்கு ஆறவிடுக. பிளக்கின் வயரைக் கழற்றுக. அருகிலே சுருட்டு, பீடி, விளக்கு ஆகியவை ஆகா. ஒரு வாளி மணலை அருகில் வைத்துக்கொள்க. எண்ணெய்த் தீக்கு நீர் ஊற்றலாகாது.

2. திறப்புக்குழாயை மூடி, எல்லாப் பகுதிகளையும் பழந்துணியால் ஈரமின்றித் துடைத்து, அடியில் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்துப் பத்து நிமிடம் காத்திருக்க. இந்நிலையிலும் ஒழுகினால் குற்றம் தாங்கியிலோ திறப்புக்குழாயிலோ உள்ளது.

3. ஒழுகாவிடின் திறப்புக்குழாயைத் திறந்து மேலும் பத்து நிமிடம் பார்க்க. இப்போது ஒழுகினால் குற்றம் றப்பர்க் குழாயிலோ காபரேற்றரிலோ உள்ளது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு பொருத்தையும் உலர்ந்த விரலால் தொட்டுப் பார்க்க. முதலில் நனையும் பொருத்தே ஒழுகும் இடமாகும்.

4. இயந்திரம் ஓடும்போது மாத்திரம் ஒழுகினால், அதிர்வினாலே தளர்ந்த சுரையோ, அதிர்வினால் விரியும் வெடிப்போ காரணமாகலாம். இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்ட பின்னரே அவற்றைத் தொடுதல் வேண்டும்.

காரணமும் பரிகாரமும்

தாங்கி: அடியில் தங்கும் நீரினால் துருப்பிடித்து ஊசித்துவாரம் உண்டாகும். சவர்க்காரம் பூசுதல் அந்நேரத்துக்கு மாத்திரம் உதவும். வெறுந் தாங்கியைத் தாமே ஈயம் பற்றவைக்க முயல்வது பெரும் ஆபத்து. எண்ணெய் இல்லாவிடினும் ஆவி உள்ளே இருக்கும், அது வெடிக்கும். அனுபவமுள்ள திருத்துநரிடம் கொடுக்க, அல்லது புதிய தாங்கி மாற்றுக.

றப்பர்க் குழாய்: இரு முனைகளிலும் வெடிப்பு உண்டாவது வழக்கம. குழாய் போதிய நீளமாயின் வெடித்த முனையை வெட்டிவிட்டு மீண்டும் பொருத்தலாம். சைக்கிள் ரியூப்பினாற் சுற்றிக் கட்டுவது பயனற்றது. பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் அந்த றப்பர் ஊதி இளகிவிடும். எரிபொருளுக்கென விற்கப்படும் குழாயையே வாங்குக.

கிண்ணத்தின் விளிம்பு: கிண்ணத்துக்கு மேலுள்ள வளையம் பழுதானால் விளிம்பைச் சுற்றி நனையும். வளையத்தை மாற்றுக. ஆணியை அளவுக்கு மேல் முறுக்கினால் அலுமினியத்திலுள்ள புரி அழிந்துவிடும்; பின்னர் காபரேற்றர் முழுவதையும் மாற்ற நேரிடும்.

மிதவையும் ஊசியும்: காற்று வடி இருக்கும் பக்கத்தாலோ நிரம்பல் துவாரத்தாலோ எரிபொருள் வழிந்தால், ஊசி வழியை அடைக்கவில்லை என அறிக. கிண்ணத்தைத் திருகாணிச் சாவியின் கைபிடியால் மெல்லத் தட்டுக. ஒழுக்கு நின்றால் ஊசியில் தூசி சிக்கியிருந்தது எனலாம். திறப்புக்குழாயை மூடி, கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுக. ஊசி அமரும் இடத்தைக் கம்பியாற் குத்தலாகாது. மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்க்க. உள்ளே எண்ணெய் அசையும் ஓசை கேட்டால் மிதவையை மாற்றுக. ஊசியின் கூரிய முனையில் வளையமாகத் தேய்வு தெரிந்தால் அதனையும் மாற்றுக.

இவ்வாறு வழியும் எரிபொருள் இயந்திரத்தினுள் இறங்கி, மசகெண்ணெயுடன் கலத்தலும் உண்டு. மசகெண்ணெயின் மட்டம் தானாகவே உயர்ந்திருந்தாலோ, பெற்றோல் மணம் வீசினாலோ இயந்திரத்தை இயக்கலாகாது. ஊசியைத் திருத்தி, மசகெண்ணெய் முழுவதையும் மாற்றிய பின்னரே இயக்குக. இன்றேல் உள்ளுறுப்புக்கள் விரைவில் தேய்ந்துவிடும்.

முதுகில் சுமக்கும் விசைத் தெளிகருவி, புல்வெட்டி ஆகியவற்றிலும் தேடும் முறை இதுவே. ஆயினும் அவற்றிற் சிலவற்றின் காபரேற்றரில் மிதவை இராது. மெல்லிய தகட்டுச் சவ்வே இருக்கும். அவற்றில் குழாயையும், கையால் அமுக்கும் சிறு குமிழையும் முதலிற் பார்க்க.

வருமுன் காத்தல்

எரிபொருளை வடித்தே ஊற்றுக. வேலை முடிந்ததும் திறப்புக்குழாயை மூடுதல் வழக்கமாக வேண்டும். இவ்வொரு செயலே இரவிலே உண்டாகும் ஒழுக்குக்களிற் பெரும்பாலானவற்றைத் தடுக்கும். மண்ணெண்ணெயில் ஓட்டுவோர் நிறுத்துவதற்குச் சற்று முன்னர் பெற்றோலுக்கு மாற்றுதல் நன்று. மாரிகாலத்தில் இயந்திரத்தை ஓய்வாக வைக்குமுன், தாங்கியையும் கிண்ணத்தையும் வெறுமையாக்குக. இன்றேல் பழைய எரிபொருள் பிசினாகி ஊசியைப் பற்றிக்கொள்ளும். திருத்திய பின்னர், மேலே கூறிய கடதாசிச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து பார்த்தே இறைப்பைத் தொடங்குக.

ஒரு வளையத்தின் விலை சிறிது. வெங்காயம் காய் பருக்கும் வாரத்தில் இயந்திரம் நின்றால் உண்டாகும் இழப்போ பெரிது. ஆகவே இறைப்புக் காலம் தொடங்குமுன்னரே இச்சோதனையைச் செய்துகொள்ளுமாறு கமக்காரர் யாவரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். மேலதிக விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுவாராக.