போருக்கு மட்டும் திறந்த கதவு

1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியத் தலைவர்கள் எவரையும் கலந்து பேசாமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். போர் முடிவதற்குள் இந்தியப் படை சுமார் 25 லட்சம் பேராகப் பெருகியது. பர்மா, வட ஆப்பிரிக்கா, இத்தாலி என்று பல முனைகளில் அவர்கள் போரிட்டனர்.

அந்தப் படையில் சேருவதற்கே தலித் மக்கள் போராட வேண்டியிருந்தது. மராட்டியத்து மகர் மக்கள் கம்பெனிக் காலத்திலிருந்தே சிப்பாய்கள். 'போர்க்குடி அல்ல' என்று சொல்லி 1890களில் அவர்களைச் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினர். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டது. மகர் படைப்பிரிவு உருவானது. போர் முடிந்ததும் அதைக் கலைத்தார்கள். 1941இல் மீண்டும் ஆள் தேவை. அம்பேத்கரும் வலியுறுத்தினார். பெல்காமில் மகர் ரெஜிமென்ட் பிறந்தது. இம்முறை கலைக்கப்படவில்லை, இன்றும் இருக்கிறது.

உள்நாட்டிலோ பசி. 1943 வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். நிலமற்ற கூலிகளும் மீனவர்களுமே அதிகம் மடிந்தனர். நெல்லை விளைவித்த கைகளுக்கு அரிசி வாங்கக் காசில்லை.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்ற அம்பேத்கர், போர்க்காலத்திலேயே தொழிலாளர் சட்டங்களைச் சீரமைக்கத் தொடங்கினார். 1946இல் ஆலைத் தொழிலாளரின் வார வேலை 54 மணி நேரத்திலிருந்து 48 ஆகக் குறைந்தது.

மாணவர்கள் மனதில் கொள்ள வேண்டியது ஒன்று. அரசின் அவசரத்துக்குத் திறந்த கதவு, அவசரம் தீர்ந்ததும் சாத்தப்பட்டது. கேட்டுப் பெற்று, சட்டமாக எழுதி வைத்ததே பேரப்பிள்ளைகள் வரை வந்து சேர்ந்தது.