நிறம் மாறும் உலோகம்!

நிறம் என்றாலே சாயம் என்று எண்ணப் பழகியவர்கள் நாம். ஆனால், ஒரு சொட்டுச் சாயமும் இல்லாமல், சமையலறையில் இருக்கும் ஆப்பச்சோடாவையும் சில மின்கலங்களையும் கொண்டு ஊதா, நீலம், பொன்னிறம் என நிறம் ஏற்றக்கூடிய உலோகம் ஒன்று உண்டு. அதுதான் டைட்டானியம்.

1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஓடை மணலிலிருந்து வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் கண்டறிந்த தனிமம் இது. எஃகைவிட எடை குறைவு. எளிதில் அரிப்புக்கு உள்ளாகாது. விமானம், விண்கலம், எலும்பு முறிவுக்கான திருகாணி ஆகியவற்றோடு, விலை உயர்ந்த மடக்குக் கத்திகளின் கைப்பிடிகளும் இதனால் செய்யப்படுகின்றன. அக்கைப்பிடித் தகடுகளுக்கு வீட்டிலேயே நிறமேற்றுவது பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்குக் கலையாக வளர்ந்துள்ளது. பணி ஓய்வுக்குப் பிறகு நானும் இதில் ஈடுபட்டு வருகிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது? டைட்டானியத்தின் மேற்பரப்பில் நிறமற்ற ஆக்சைடு படலம் ஒன்று எப்போதும் உண்டு. மின்சாரம் செலுத்தினால் அப்படலம் தடிக்கிறது. படலத்தின் மேற்புறத்திலிருந்து திரும்பும் ஒளியும், அடியிலுள்ள உலோகத்திலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில மறைகின்றன. சோப்புக் குமிழியிலும், மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயிலும் நாம் காணும் அதே விந்தைதான் இது. ஏறத்தாழ 15 வோல்ட்டில் வெண்கல நிறம், 25-இல் ஊதா, 30-இல் நீலம், 45-இல் வெளிர்நீலம், 55-60-இல் பொன்மஞ்சள் என நிறங்கள் மாறுகின்றன. அசல் சிவப்பு மட்டும் கிட்டுவதில்லை.

செய்முறை எளிது. கத்தியை முழுவதும் பிரித்து, டைட்டானியத் தகட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எஃகாலான அலகோ, திருகாணியோ கரைசலில் இறங்கினால் அரித்துப்போகும். தகட்டைச் சோப்பு நீரிலும் பின்னர் அசிட்டோனிலும் கழுவிய பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் ரேகையின் எண்ணெய்ப் பசையே நிறத்தைத் திட்டுத்திட்டாக்கிவிடும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தூய நீருக்கு இரண்டு, மூன்று தேக்கரண்டி ஆப்பச்சோடா போதும். 9 வோல்ட் மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 27 வோல்ட் கிடைக்கும். நேர்முனையைத் தகட்டோடும், எதிர்முனையை அலுமினியத் தாளோடும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் கரைசலில் அமிழ்த்த வேண்டும். இணைப்புக் கவ்விகள் நீருக்கு மேலேயே இருக்க வேண்டும். சில நொடிகளில் நிறம் பூத்துவிடும்.

பொருளியல் கற்பித்தவனுக்கு இங்கு ஒரு பாடம் காத்திருந்தது. ஆக்சைடு படலம் மின்சாரத்தைத் தடுக்கக்கூடியது. எனவே, அது தடிக்கத் தடிக்க மின்னோட்டம் தானாகவே குறைகிறது. ஒரு மணி நேரம் வைத்திருந்தாலும் நிறம் பெரிதாக மாறாது. மின்னழுத்தத்தைக் கூட்டினால்தான் அடுத்த நிறம். குறைந்து செல் விளைவு விதியைக் கரும்பலகையில் வளைகோடு வரைந்து விளக்கிய எனக்கு, அது ஒரு கிண்ணத்துக்குள் கண்முன்னே நிகழ்ந்தது வியப்பளித்தது. மேலும், ஏறிய நிறத்திலிருந்து இறங்கிவர வழியில்லை. தேய்த்து அகற்றிவிட்டுத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். எனவே, குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதே அறிவுடைமை.

எச்சரிக்கை மிக இன்றியமையாதது. வீட்டு மின்இணைப்பை நேரடியாகப் பயன்படுத்துவது உயிருக்கே உலை வைக்கும். 60 வோல்ட்டைத் தாண்டும் நேர்மின்சாரம் ஆபத்தானது; ஈரக்கைக்கு அதற்குக் குறைவானதும் பாதுகாப்பன்று. தொடக்க நிலையினர் மூன்று, நான்கு மின்கலங்களோடு நின்றுகொள்வது நல்லது. ரப்பர் கையுறை வேண்டும். மின்னோட்டம் இருக்கையில் கரைசலில் கைவிடக் கூடாது. ஆப்பச்சோடாவுக்குப் பதிலாகச் சமையல் உப்பைப் போட்டால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியேறக்கூடும். எதிர்முனையில் எரியக்கூடிய ஹைட்ரஜன் சிறிதளவு உண்டாவதால் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். நிறம் பளிச்சிடத் தொழிற்கூடங்களில் பயன்படுத்தும் ஹைட்ரோபுளூரிக் அமிலம் தோலை ஊடுருவி எலும்புவரை பாதிக்கக்கூடியது. அதை வீட்டுக்குள் நுழையவே விடக் கூடாது.

இது வெறும் அழகு வேலை மட்டும்தானா? அன்று. அறுவை சிகிச்சைத் திருகாணிகளின் அளவை மருத்துவர் ஒரே பார்வையில் அடையாளம் காண, இதே முறையில்தான் நிறமேற்றுகின்றனர். மற்றொன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ளது. அதை உலோகமாக்கும் கடினமான தொழில்நுட்பம், ஆண்டுக்கு 500 டன் திறன் கொண்ட ஆலையாகக் கேரளத்தின் சவறாவில் 2011-இல்தான் தொடங்கப்பட்டது. மணலாக விற்பதற்கும், உலோகமாக, உறுப்பாக, நிறமேற்றிய கருவியாக விற்பதற்கும் இடையே உள்ள விலை வேறுபாடு பன்மடங்கு. அந்த வேறுபாட்டின் பெயர் தொழில்திறன்.

அத்திறன் பாடநூலை மனப்பாடம் செய்வதால் வருவதன்று. ஒரு துண்டு டைட்டானியத் தகடு, மூன்று மின்கலங்கள், ஒரு கிண்ணம் நீர் ஆகியவை இருந்தால் மின்பகுப்பையும் ஒளியியலையும் பள்ளி ஆய்வகத்திலேயே ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் கண்டுணர முடியும். காணொலியைப் பார்த்துவிட்டு மின்செருகியை நாடும் இளைஞருக்கும், கற்றுத் தெளிந்து கருவியைக் கையாளும் இளைஞருக்கும் உள்ள வேறுபாடு அங்குதான் உருவாகிறது. அந்த வாய்ப்பை நம் பள்ளிகள் வழங்க வேண்டும்.