எரியாமல் தப்பிய பிவண்டி
தெருவுக்குத் தெரு அமைந்த மொகல்லா கமிட்டிகளின் கதை

கல்யாணுக்கு அருகே தானே மாவட்டத்தில் இருக்கிறது பிவண்டி. விசைத்தறிகளின் ஊர். இரவும் பகலும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால் ஊருக்கு ஏதோ கேடு வந்துவிட்டது என்று பொருள்.

1970 மே மாதம் அப்படி நின்றது. சிவாஜி ஜயந்தி ஊர்வலத்தில் மூண்ட மோதல் பெருங்கலவரமாகி, பிவண்டியில் மட்டும் 70க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. 1984 மே மாதம் மீண்டும் நின்றது. அந்த முறை கலவரம் பம்பாய்க்கும் பரவியது. பிவண்டி என்றாலே கலவரம் என்று பேர் ஆகிவிட்டது.

பிறகு வந்தது 1992 டிசம்பர் 6. அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாய் பற்றி எரிந்தது. ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்குப்படி 900 பேர் உயிரிழந்தனர். தமிழர் நெருக்கமாக வாழும் தாராவியும் தப்பவில்லை. கையில் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு, ரயில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம்.

ஆனால் பிவண்டி? இருமுறை எரிந்த அந்த ஊர் இம்முறை எரியவில்லை!

கான்ஸ்டபிளுக்கும் பொறுப்பு

இதற்கு வித்திட்டவர், 1988இல் அங்கு துணைப் போலீஸ் கமிஷனராக வந்த சுரேஷ் கோபடே. கலவரம் மூண்ட பிறகு படையைக் கூட்டி வருவதில் பயனில்லை. மூளுவதற்கு முன்பே மக்களும் போலீசாரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

ஊரை மொகல்லா மொகல்லாவாகப் பிரித்தார். மொகல்லா என்றால் நம் ஊர்ப் பேட்டை, தெரு போல. சுமார் 70 கமிட்டிகள் அமைந்தன. இந்துக்களும் முஸ்லிம்களும் அவற்றில் சரிசமமாக இடம் பெற்றனர். மேடைப் பிரமுகர்களை விட, அந்தத் தெருவிலேயே வாழும் சாதாரண மக்களுக்கே முதலிடம்.

ஒவ்வொரு கமிட்டிக்கும் ஒரு போலீஸ்காரர் பொறுப்பு. அதுவரை மேலதிகாரி சொன்ன இடத்தில் லத்தியுடன் நின்றவர், இப்போது தம் மொகல்லாவில் யார் யாருடன் பேசுவதில்லை, எந்தச் சந்தில் எதற்காகச் சண்டை என்பதை அறிந்தவர் ஆனார். குழாயடிச் சண்டை, வீட்டுத் தகராறு போன்றவை பெரிதாகி மதச் சண்டையாக மாறுவதற்கு முன்பே பேசித் தீர்க்க வழி பிறந்தது. வதந்தி கிளம்பினால் விசாரித்து அறிய, தெரிந்த முகம் ஒன்று இருந்தது.

பம்பாயும் கற்றது

எரிந்த பம்பாய், எரியாத பிவண்டியைத் திரும்பிப் பார்த்தது. 1994இல் அன்றைய போலீஸ் கமிஷனர் சதீஷ் சாஹ்னியின் ஆதரவுடன் நகரில் மொகல்லா கமிட்டி இயக்கம் தொடங்கியது. முன்னாள் கமிஷனர் ஜூலியோ ரிபெரோ, சமூக சேவகி சுசோபா பார்வே ஆகியோர் இதற்கு உழைத்தனர்.

ஆரம்பத்தில் போலீஸ் என்றாலே மக்களுக்குக் கசப்பு. கலவரத்தின்போது பல இடங்களில் போலீசார் ஒருதலைப்பட்சமாக நடந்ததை ஸ்ரீகிருஷ்ணா கமிஷனே பதிவு செய்திருக்கிறது. அந்தக் கசப்பு ஒரே கூட்டத்தில் மாறுமா? மாறாது. எனவே தண்ணீர், சாக்கடை, குப்பை என்று அன்றாடக் குறைகளில் பேச்சைத் தொடங்கினார்கள். போலீசாரும் பேட்டை இளைஞர்களும் சேர்ந்து ஆடும் கிரிக்கெட் போட்டிகளும் நடந்தன.

இரண்டு எச்சரிக்கைகள்

இத்தனை செய்தும், 2006 ஜூலையில் பிவண்டியில் மீண்டும் ரத்தம் சிந்தியது. போலீஸ் நிலையம் கட்டும் இடம் பற்றிய தகராறு அது. துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். அன்றிரவே கூட்டத்தினர் இரு போலீஸ்காரர்களைக் கொன்றனர். கமிட்டி என்பது ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடும் காரியம் அல்ல. கூட்டம் நின்றால் பழக்கம் அறும். பழக்கம் அறுந்தால் பழைய பயம் திரும்பும்.

மற்றோர் எச்சரிக்கை தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. 1993இல் ராமநாதபுரத்தில் ‘போலீஸ் நண்பர்கள் குழு’ உருவாகி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, இக்குழுவினர் மீதும் புகார் எழுந்தது. குழுவினர் தரப்பு அதை மறுத்தது. ஜூலையில் அரசு குழுவைத் தடை செய்தது. போலீசுக்குத் துணை நிற்பது வேறு. போலீசாகவே மாறிவிடுவது வேறு. காவல் குழுவின் வேலை கண்ணும் காதும் திறந்திருப்பது. அடிப்பதும் பிடித்து வைப்பதும் அதன் வேலை அல்ல. தவறு செய்யும் போலீசாரைத் தட்டிக் கேட்கும் உரிமையும் அதற்கு இருக்க வேண்டும்.

நம் தெருவில்...

தாராவியின் பெரிய மசூதி 1887இல் எழுந்தது. கணேசர் கோவில் 1913இல் கட்டப்பட்டது. இரண்டுக்கும் தமிழர் தொடர்பு உண்டு. மாமன், மச்சான் என்று முறை சொல்லி அழைத்துக்கொள்ளும் மக்களுக்கு நடுவே ஒரு வதந்தி நுழைய எத்தனை நேரம் ஆகும்? அன்று வாய்வழி வந்தது. இன்று செல்போனில் நொடியில் வருகிறது.

2023 செப்டம்பர் 28 அன்று விநாயகர் விசர்ஜனமும் மிலாது நபியும் ஒரே நாளில் வந்தன. மும்பையில் முஸ்லிம்கள் தங்கள் ஊர்வலத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்தனர். நாள் நல்லபடியாகக் கழிந்தது. பேசிக்கொள்ளும் வழக்கம் உள்ள இடத்தில்தான் இப்படிப்பட்ட முடிவு பிறக்கும்.

செலவு அதிகம் இல்லை. மாதம் ஒரு மாலை, சங்கத்து அறை ஒன்று, எல்லா வகுப்பாரும், பெண்களும், நம் தெருவுக்குரிய போலீஸ்காரரும் இருந்தால் போதும்.

அந்தப் போலீஸ்காரரின் பெயர் என்ன? தெரியாது என்றால், முதல் வேலை அதைக் கேட்டு அறிவதுதான்.