காரில் உடன்சென்றோரும் மருத்துவச் செலவும்

ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோயிலுக்கு நண்பரின் காரில் செல்பவர் விபத்திற் காயமுற்றால், மருத்துவச் செலவை ஏற்பவர் யாவர்? பிழை யாருடையது என்பதே முதல் வினா. எதிர்வண்டியோட்டி பிழைசெய்திருப்பின், அவ்வண்டியின் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம். நண்பரே பிழைசெய்தவராயின் நிலைமை வேறு. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கிய காப்புறுதியில், நட்புமுறையில் உடன்செல்லும் பயணி அடங்கார். கார் உடைமையாளர் கூடுதற் கட்டணம் செலுத்திப் பயணிக்கும் காப்புப் பெற்றிருத்தல் வேண்டும். இன்றேல் நண்பர்மீதே வழக்காட நேரும்.

வேலைக்குச் செல்லும் வழியிற் காயமுற்ற தொழிலாளி, சொக்சோவிற் பதிவுபெற்றவராயின், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவ உதவி பெறலாம்.

எவ்வாறாயினும், மருத்துவமனைக் கட்டணம் முதலிற் காயமுற்றவரிடமே கேட்கப்படும். ஆதலின் பற்றுச்சீட்டுகளைப் பேணுக. வண்டியோட்டி 24 மணி நேரத்திற்குள் போலீசில் அறிவித்தல் கடமை. தீபகற்ப மலேசியாவில் வழக்குத் தொடரக் காலவரம்பு 6 ஆண்டு. பிறரை ஏற்றிச் செல்வோர், நட்பைக் காக்கவேனும் அக்கூடுதற்காப்பைப் பெறுதல் நன்று.