காபியும் கல்லீரலும்

வாழ்நாளில் மதுவைத் தொட்டும் பார்த்திராத விசுவாசி ஒருவர், ‘கொழுப்புக் கல்லீரல்’ என்று எழுதிய ஸ்கேன் அறிக்கையோடு வீடு திரும்புகிறார். “இது குடிக்கிறவர்களுக்குத்தானே வரும்?” என்று சபையில் யாரேனும் கேட்டுவிட்டால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? மும்பையிலும் பெங்களூரிலும் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் இந்த வேதனை அரிதன்று. ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம்: இந்நோய்க்கு மது மட்டுமே காரணமன்று. தொப்பை, நீரிழிவு, உட்கார்ந்தே செய்யும் வேலை, இனிப்பு ஆகியவையும் காரணங்களே. மெலிந்த தேகம் உடையவர்களுக்கும் வருகிறது. மருத்துவ உலகம் 2023-ஆம் ஆண்டில் ‘மதுசாராத கொழுப்புக் கல்லீரல்’ என்ற பழைய பெயரை மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு இணைத்துப் புதுப்பெயர் இட்டது. சக விசுவாசியைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

இனி காபிக்கு வருவோம். காபியையும் ஓர் இச்சையாக எண்ணி விட்டுவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. அது அவரவர் மனச்சாட்சிக்கு உரியது. ஆயினும் கல்லீரலுக்குக் காபி பகையன்று. பிரிட்டனில் ஏறத்தாழ 4,95,000 பேரைச் சுமார் பத்தாண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2021-இல் வெளியாயிற்று. காபி அருந்துவோரிடம் நாள்பட்ட கல்லீரல் நோய் 21 சதவீதமும், அந்நோயினால் நேரும் மரணம் 49 சதவீதமும் குறைவாகக் காணப்பட்டன. நாளொன்றுக்கு மூன்று, நான்கு கோப்பை அருந்தியவர்களிடம் பலன் மிகுதி. கஃபீன் நீக்கிய காபியிலும் பலன் தென்பட்டது. எனினும் இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, காபியே காரணம் என்று நிரூபிக்கவில்லை. காபி, படிந்த கொழுப்பைக் கரைக்கும் மருந்துமன்று. புண்பட்ட கல்லீரல் தழும்பேறி இறுகுவது காபி அருந்துவோரிடம் குறைவு என்பதே பல ஆய்வுகளின் சாரம்.

நம் வீட்டு டம்ளர் காபியோ வேறு. அதில் பாதி சிக்கரியாக இருப்பதுண்டு. ஆய்வுகள் அளந்தது காபியை, சிக்கரியை அன்று. சர்க்கரையைப் பாருங்கள். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நான்கு டம்ளர் குடித்தால் எட்டுத் தேக்கரண்டி, அதாவது 30 கிராமுக்கு மேல். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது சிறந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்லீரலில் கொழுப்பாய்ச் சேர்வதில் சர்க்கரைக்கும் பங்குண்டு. உபவாச நாட்களில் ஆகாரம் விட்டு, சர்க்கரைக் காபியை மட்டும் மூன்று நான்கு முறை பருகும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்த உபவாசத்தில் கல்லீரலுக்கு ஓய்வேது? சர்க்கரையை வாரந்தோறும் கால் தேக்கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

கர்ப்பவதிகளும், படபடப்போ தூக்கமின்மையோ உள்ளவர்களும் காபியைக் கூட்ட வேண்டாம். காபிப் பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்கவும் வேண்டியதில்லை. எடை குறைப்பதே முதன்மையான சிகிச்சை: 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும், அழற்சியும் தழும்பும் தணிய 6 முதல் 8 கிலோ வரை குறைய வேண்டும். இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதாலேயே தழும்பு இல்லையென்று எண்ணிவிட முடியாது. அறிக்கையை மறைத்து வைக்காமல் மருத்துவரிடம் காட்டி, தழும்பை அளக்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.