குளியலறைச் சுவரில் ஒரு கூழைக்கடா

நீண்ட நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவோர் எங்களிடம் பேசத் தயங்கும் செய்திகளுள் ஒன்று குளியல். பிறர் கையால் குளிப்பாட்டப்படுகையில் நோயாளிக்குக் கூச்சம். எங்கே பார்ப்பது என்று அறியாமல் பராமரிப்பவருக்குச் சங்கடம். இருவரும் வெற்றுச் சுவரை நோக்கியபடி அந்த நேரத்தைக் கடத்துகின்றனர்.

அந்தச் சுவரில் நீர்ப்பறவைகளின் ஒளிப்படம் ஒன்றை வைத்துப் பாருங்கள்.

1984ஆம் ஆண்டு ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றோரின் பதிவேடுகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டும் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். வீரியமிக்க வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஒளிப்படம் சன்னலுக்கு ஈடாகாது; மருந்தும் ஆகாது. ஆயினும், இருவர் கண்ணுக்கும் பேச்சுக்கும் நோயுற்ற உடலன்றி வேறோர் இடம் கிடைக்கிறது.

வேடந்தாங்கலில் காணப்படும் பறவைகளே இதற்குப் போதும். கூழைக்கடா, அலகின் அடிப்பையை வலைபோல் விரித்து மீனை அள்ளும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடிய பின்னும் நடுவே இடைவெளி தெரியும். பாம்புத்தாரா உடலை நீருள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும். "இது என்ன பறவை?" என்று பேச்சுத் தொடங்கினால் குளியல் முடிவது தெரியாது. உங்கள் ஊர் ஏரியில் நீங்களே எடுத்த கொக்கின் படமாயின் இன்னும் நன்று.

முதலில் பாதுகாப்பு. கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரைவிரிப்பும் அமைத்த பிறகே படம். கண்ணாடிச் சட்டம் வேண்டா. ஈரத் தரையில் உடைந்தால் ஆபத்து. லேமினேட் செய்த படத்தை, ஓரங்களில் நீர் புகாதவாறு சுவரோடு ஒட்டுங்கள். பின்புறம் ஈரம் தங்கினால் பூஞ்சை படரும்; நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோருக்கு அது தீங்கு. வாரந்தோறும் துடைத்து, பூஞ்சை தென்பட்டால் அகற்றிவிடுங்கள்.

நாற்காலியில் அமர்ந்து குளிப்பவராயின், அமர்ந்த நிலையில் அவர் கண்மட்டத்திற்குப் படம் வரட்டும். தரையில் நீர்நிலைப் படங்களை ஒட்டாதீர்கள். மறதி நோயுள்ளோர் அதை உண்மையான நீரென எண்ணி அஞ்சக்கூடும்.

எந்தப் பறவை என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். எத்தனையோ முடிவுகளைப் பிறர் எடுக்கும் நாட்களில், இந்த ஒன்றேனும் அவருடையதாக இருக்கட்டும்.